பூட்லோடர் திறந்திருந்தால் பழைய பதிப்புக்குப் போகலாமா?

முகிலன்:
போன வாரம் வந்த அப்டேட்டைப் போட்டதிலிருந்து சார்ஜ் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரல்) எப்போதோ அன்லாக் செய்துவிட்டேன். பழைய ஃபர்ம்வேரை (போன் கம்பெனி தரும் அடிப்படை மென்பொருள்) முழுசாக ஃபிளாஷ் செய்து, அதாவது போனில் எழுதி, அதன் மேல் கஸ்டம் ரோம் (வெளியார் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) போடலாம் என்றிருக்கிறேன். ‘ஆன்டி-ரோல்பேக் பார்த்துக்கோ’ என்கிறார்கள், பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத பூட்டாம். அன்லாக் செய்த போனுக்கு அது எதற்கு?

பழையசாவி:
தம்பி, இன்று ராத்திரி எதையும் ஃபிளாஷ் செய்ய வேண்டாம். இதே நினைப்பில் நான் ஒரு போனை இழந்தவன்.

பூட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று, ஆண்ட்ராய்டு 8 முதல் வந்த வெரிஃபைடு பூட் 2.0, போன் எழும்போது மென்பொருள் அசலா, பழையதா என்று சோதிப்பது. அன்லாக் செய்தால் அது வழிவிட்டுவிடும். இன்னொன்று சில போன்களில் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஃப்யூஸ், ஒருமுறை மட்டுமே மாற்றக்கூடிய சின்ன அடையாளம். புதிய பூட்லோடர் ஓடியதும் ஒரு ஃப்யூஸ் எரியும், எரிந்தது எரிந்ததுதான். அடுத்த முறை போன் உயிர் பெறும்போது, சிப் முதலில் பூட்லோடரின் ஆன்டி-ரோல்பேக் எண்ணைத்தான் பார்க்கும். எரிந்த ஃப்யூஸ் காட்டும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அன்லாக் செய்திருக்கிறோமா என்று கேட்கும் கட்டமே அதற்குப் பிறகுதான் வருகிறது.

என் போனில் லோகோ வரவில்லை. பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தியும் ஒரு அதிர்வுகூட இல்லை. கேபிளைச் சொருகினால் கணினியில் ‘குவால்காம் 9008’ என்று, சிப்பின் அவசரநிலையைக் காட்டும் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் மிச்சம்.

கயல்:
ஆனால் ஓட்டை உள்ள பழைய பூட்லோடரைத் திருடன் திரும்பப் போடாமல் தடுப்பதும் இதுதானே?

பழையசாவி:
உண்மைதான், அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஃப்யூஸை எரிக்கும் முன் போனின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுள் முன்கூட்டியே அறிவித்தது. போனில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள் உண்டு, அவைதான் ஸ்லாட்; அந்த இரண்டு ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடரைப் போடச் சொன்னது. மற்ற ஸ்லாட்டில் பழையது கிடந்தால், கஸ்டம் ரோம் போட்டு ஸ்லாட் மாறும்போது போன் செத்துவிடும்.

கஸ்டம் ரோமே கூடாது என்று சொல்லவில்லை. எல்லா ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடர் இருந்தால், அதைத் தொடாத ரோமால் இந்தச் சிக்கல் வராது. ரோமின் ஜிப் கோப்புக்குள் ஃபர்ம்வேரும் சேர்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அப்புறம் அந்த ஆன்டி-ரோல்பேக் எண்: ஷாவ்மி என்றால் ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை தரும் வழி) ‘கெட்வார் ஆன்டி’, சாம்சங் என்றால் பில்ட் எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து.

முகிலன்:
பார்த்தேன் அண்ணா. போனில் 4, இறக்கி வைத்த கோப்பில் 3. கோப்பை அழித்துவிட்டேன். இப்போதிருக்கும் ஃபர்ம்வேருக்கு ஏற்ற ரோம் வரும்வரை பொறுத்துக்கொள்கிறேன்.