யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன்: செப்டம்பர் கடைசியில் ஆறு நாள், எப்படிப் பிரிப்பது?

மலைமுகடு (கேள்வி):
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் ஆறு நாள், ஐந்து இரவு கிடைக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சனில் இறங்கி, கார் எடுத்து, யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும் படமெடுக்க எண்ணம். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமரா, 24-70, 100-400 மி.மீ. லென்ஸ், ஒரு டிரைபாட் இருக்கிறது. யெல்லோஸ்டோனில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் கீசர் (வெந்நீரைப் பீய்ச்சும் ஊற்று) அருகே அறை போட்டு அங்கிருந்தே தினமும் போய்வரலாமா? ஓநாய், கரடிக்கு 600 லென்ஸ் வாடகைக்கு எடுப்பது அவசியமா? எந்த இடத்துக்கு எந்த நேரம் போவது என்பதிலும் குழப்பம்.

கிழக்குவெளிச்சம்:
ஒரே இடத்தில் தங்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல்லில் இருந்து, ஓநாய், கரடி பார்க்கப் போகும் வடகிழக்கு மூலையான லமார் பள்ளத்தாக்குக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். வேக வரம்பு மணிக்கு 45 மைல்தான். பைசன் (காட்டெருமை) கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த வாரம் சூரியன் காலை ஏழேகால் வாக்கில் உதிக்கும். முதல் ஒளியில் லமாரில் நிற்க வேண்டுமானால் நாலு மணிக்கே இருட்டில் வண்டியை எடுக்க வேண்டும், விலங்குகள் சாலையைக் கடக்கும் நேரமும் அதுதான். டீட்டனில் 2 இரவு, ஓல்டு ஃபெய்த்ஃபுல் பக்கம் 1, வடக்கே கார்டினரிலோ குக் சிட்டியிலோ 2 என்று பிரியுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். ஆனால் ரத்தாகும் அறைகள் அவ்வப்போது திரும்ப வரும், முன்பதிவுத் தளத்தைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

எந்த இடம் எந்த நேரம் என்பதைச் சூரியன் நிற்கும் திசையே சொல்லிவிடும். டீட்டன் மலைத்தொடரைச் சாலைப் பக்கமிருந்து பார்த்தால் நாம் மேற்கு நோக்கி நிற்கிறோம், அதனால் காலை வெயில் நேராகச் சிகரத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் நிழலுருவம்தான் கிடைக்கும். ஆகவே டீட்டனில் உங்களுக்கு இருப்பது இரண்டு காலைகள்தான்: ஒன்று ஷ்வாபாக்கர் லேண்டிங், இன்னொன்று ஆக்ஸ்போ பெண்ட், இரண்டும் ஆற்றோர இடங்கள். உதயத்துக்கு 45 நிமிடம் முன்னால் டிரைபாட் ஊன்றியிருக்க வேண்டும். வெயில் உச்சியில் பட்டு மெல்லக் கீழிறங்கும். அப்போது கீழே தண்ணீரும் மரங்களும் நிழலில்தான் இருக்கும். இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வித்தியாசம் வரும் என்பதால் பிராக்கெட்டிங் போடுங்கள், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவில் பல படமாக எடுங்கள். வெயில் ஏறி காற்று எழுந்ததும் தண்ணீரில் பிம்பம் கலைந்துவிடும், அதற்குள் முடிக்கப் பாருங்கள்.

யெல்லோஸ்டோனில் உள்ள கிராண்ட் பிரிஸ்மேட்டிக் என்ற பலவண்ண வெந்நீர் ஊற்றுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. குளிர்ந்த காலையில் போனால் ஆவி மூடி ஒரு நிறமும் தெரியாது. நண்பகலை ஒட்டி, வெயில் உச்சியில் இருக்கும்போது போங்கள். ஃபேரி ஃபால்ஸ் பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் மேலிருந்து பார்க்கும் இடம் வரும். போலரைசர் ஃபில்டர் கட்டாயம், தண்ணீர்ப் பரப்பின் பளபளப்பை வெட்டினால்தான் நடுவில் உள்ள நீலமும் விளிம்பின் ஆரஞ்சும் முழுதாக எழும்.

தூரப்பார்வை:
லென்ஸ் விஷயம். கரடி, ஓநாயிடமிருந்து குறைந்தது 91 மீட்டர், மற்ற பெரும்பாலான விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இரு பூங்காக்களிலும் விதி. ஃபுல் ஃப்ரேமில் 91 மீட்டரில் 400 லென்ஸ் சுமார் 8 மீட்டர் அகலத்தைக் காட்டும், 600 ஐந்தரை மீட்டரை. ஒன்றரை மீட்டர் நீள ஓநாய் 400-இல் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 600-இல் கால் பங்குக்குச் சற்று மேல். லமாரில் ஓநாய்கள் பெரும்பாலும் இதைவிட எத்தனையோ மடங்கு தொலைவில்தான் தெரியும். அதனால் ஓநாய்க்காக மட்டும் 600 எடுப்பது வீண், கரடி சாலையோரம் வந்தால் பயன்படும். பைசனுக்கோ 23 மீட்டரில் 600 தலையை மட்டும்தான் பிடிக்கும். உங்கள் 100-400 போதும் என்பதே என் கருத்து.

தொலைவில் எடுத்த படம் மங்கலாக வந்தால் உடனே லென்ஸைச் சந்தேகிக்காதீர்கள். வெயிலில் தரை சூடாகிக் காற்று அலைந்தால் எந்த லென்ஸும் கூர்மை தராது. கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுத்தாலும் இதே கதிதான்: உள்ளிருக்கும் வெப்பக்காற்று லென்ஸுக்கு முன்னால் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஹீட்டரையும் இன்ஜினையும் நிறுத்தி, ஜன்னலை இறக்கிச் சில நிமிடம் பொறுத்து, ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சிறு மூட்டை) போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்து எடுங்கள்.

மலைமுகடு:
மிக்க நன்றி, 600-ஐ விட்டுவிடுகிறேன். வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் மரப்பலகை நடைபாதையில் டிரைபாட் வைத்தால் ஆடாதா?

வெந்நீர்ப்பாதை:
ஆடும். யாராவது நடந்தால் பலகை முழுக்க அதிரும். ஆள் நகரும்வரை காத்திருங்கள், அல்லது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏற்றி ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் கையில் பிடித்து எடுங்கள். பலகையை விட்டு ஓரடி கூட இறங்காதீர்கள். அங்கே மேலோடு மெல்லியது, அடியில் கொதிநீர். கீசரின் சாரலில் சிலிக்கா இருக்கிறது, கண்ணாடியில் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. சாதாரண பாதுகாப்பு ஃபில்டர் போட்டு, காற்று வரும் பக்கமாக நில்லுங்கள், துளி பட்டால் உடனே துடையுங்கள்.

இன்னும் சில. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், தடை. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, அங்கே போய் வாங்கி இடுப்பில் மாட்டுங்கள். கேமரா பைக்குள் இருந்தால் தேவைப்படும் நொடியில் கைக்கு வராது. யெல்லோஸ்டோனுக்குள் வடக்கே போகும் வழியில், கேன்யன், டவர் என்ற இடங்களுக்கு நடுவே டன்ரேவன் கணவாய் செப்டம்பரிலேயே பனியால் மூடப்படலாம். மூடினால் நோரிஸ், மாமத் வழியாகச் சுற்ற வேண்டும், ஆகவே வடக்கே மாறும் நாளில் மதியத்துக்கு மேல் வேறெதையும் வைக்காதீர்கள். கிளம்புமுன் பூங்காவின் சாலை நிலவரப் பக்கத்தைப் பாருங்கள், வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது.