திருகோணமலை டொக்யார்ட் கடிதங்கள், 1815–1825: உதவி தேவை

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரித்தானியக் கடற்படைக் கடிதக் கட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இருந்தால் உதவுங்கள்.

தேடுவது டொக்யார்டின் (கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தின்) மரம், கயிறு, கூலி பற்றிய கடிதங்கள். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதி அட்மிரால்டிக்கு (லண்டனிலிருந்த கடற்படைத் தலைமைக்கு) எழுதியவை ஏடிஎம் 1 (ADM 1) என்ற ஆவண வரிசையில் உள்ளன. ஆனால் 1832 வரை டொக்யார்ட், சரக்கு விஷயங்கள் நேவி போர்டு என்ற தனி நிர்வாக வாரியத்தின் பொறுப்பு என்பதால் அவற்றுக்கு ஏடிஎம் 106-க்குத்தான் போக வேண்டும். ஏடிஎம் 1-இல் உள்ள கப்டன்களின் கடிதங்களோ கப்பல் பெயரில் இல்லை. எழுதியவர் குடும்பப்பெயரின் முதலெழுத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். எரிச்சலான ஏற்பாடு!

சிக்கல் இதுதான்: அட்மிரால்டிக் கடிதங்களுக்கான பதிவேடுகளான ஏடிஎம் 12-இன் பொருள்வாரிச் சுருக்கத்தில் பதிவான சில கடிதங்கள் பெட்டியில் இல்லை. அவை கழிக்கப்பட்டனவா, வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டனவா என்று எந்தக் குறியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? 106-இல் திருகோணமலைக்குரிய கட்டு எண்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். படமெடுத்த பக்கங்களைப் பகிர்ந்தால் கட்டு எண்ணையும் சேர்த்துப் போடவும்.