தோட்டத்தில் ஓடிய போர்க்கால ஜீப்புக்கு மீண்டும் இராணுவப் பச்சை அடிக்கலாமா?

லிந்துலைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனார் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சாரதியாக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற பிறகு, பெரிய துரையின் பங்களாக் கொட்டகையில் கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் விட்டார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா அதை எடுத்தார். பின்பக்கத்தில் தோட்டத்துத் தச்சரைக் கொண்டு இரண்டு பலகை வாங்குகளும் தகரக் கூரையும் போட்டு, வெள்ளைச் சாயம் பூசினார். லயத்தில் யாருக்காவது நடு இராத்திரியில் நோவு கண்டால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கொழுந்துச் சாக்கை மடித்து வாங்கில் விரித்து, அதில் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்.

அப்பா இப்போது இல்லை. வண்டி ஆறு வருடங்களாக ஓடவில்லை. முன்மூடியில் வெள்ளைச் சாயம் உரிந்த இடத்தில் மங்கலான இராணுவப் பச்சை தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதைச் செய்தது வில்லிஸ் நிறுவனமா, ஃபோர்டு நிறுவனமா என்பதை எப்படி அறிவது? சாயம் அனைத்தையும் மணல் பீச்சி அகற்றி, அமெரிக்க இராணுவத்தின் வெள்ளை நட்சத்திரத்தோடு அதன் பழைய கோலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மைத்துனர் சொல்கிறார். ஆறு வோல்ட் பற்றரியைப் பன்னிரண்டாக மாற்றச் சொல்கிறார் ஊர் மெக்கானிக். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்டாரவளை கராஜ் எழுதியது:

தம்பி, வண்டியை விற்றுவிடாமல் கேள்வி கேட்க வந்தீர்களே, அதுவே பெரிய சந்தோஷம். முதலில் அடையாளத்தைப் பார்ப்போம். முன்பக்கக் கிரில்லுக்குக் கீழே, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் இரண்டு பீம்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்பி. கவிழ்த்து வைத்த பெட்டி போலத் தட்டையாக இருந்தால் ஃபோர்டு ஜிபிடபிள்யூ. ஃபோர்டு நிறுவனம் தன் போல்ட்டுகளின் தலையிலும் பல பாகங்களிலும் ஆங்கில எஃப் எழுத்தைப் பொறித்திருக்கும். 1941 முதல் 1945 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்பதே அமெரிக்க இராணுவத்தின் நிபந்தனை. ஆகவே வில்லிஸ் சேசிஸில் எஃப் போல்ட் இருப்பதைக் கண்டு யாராவது "போலி" என்று சொன்னால் மனம் தளர வேண்டாம்.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. போர்க்கால ஜீப்புகள் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்தான். நம் வீதிகளில் முந்திச் செல்ல அது இடைஞ்சல். ஆனால் தோட்டத்து மண்பாதையில் சாரதி பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பதால், சில்லு ஓரத்துக் கானுக்கு (வடிகாலுக்கு) எத்தனை அங்குலத்தில் உருளுகிறது என்பது அவர் கண்ணுக்கு நேரே தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய சாரதிகள் அதை ஒரு வசதியாகவே சொல்வார்கள்.

வோல்ட் விடயத்தில் அவசரப்படாதீர்கள். ஆறு வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். அதற்குத் தடித்த வயர் தேவை. இடைக்காலத்தில் யாரோ மெல்லிய பன்னிரண்டு வோல்ட் வயரைப் போட்டுவிட்டு, "ஆறு வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகாது" என்று குறை சொல்லியிருப்பார்கள். பற்றரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குத் தடித்த வயர் போட்டு, சேசிஸிலும் என்ஜினிலும் எர்த் பிடிக்கும் இடங்களை இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்குங்கள். லிந்துலைக் குளிரிலும் எடுக்கும். பன்னிரண்டுக்கு மாற்றினால் பல்புகள், கொயில், டைனமோ, ரெகுலேட்டர், மானிகள் என ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான். ஒரு சில்லில் கசிந்தாலும் நான்கிலும் பிடிக்காது. கைப்பிரேக்கோ சில்லில் இல்லை, என்ஜின் வலுவை முன், பின் சில்லுகளுக்குப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னாலுள்ள ஒரு சிறிய டிரம்மில் மட்டுமே பிடிக்கிறது. ஆறு வருடம் நின்ற வண்டியில் ரப்பர் வாஷர்கள் கல்லாகியிருக்கும். அவற்றை மாற்றாமல் வண்டியை வாசலுக்கு வெளியே எடுக்கவே கூடாது. பெற்றோல் டேங்க் சாரதி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அதையும் கழற்றித் துருவைக் கழுவுங்கள்.

முன்பக்கத்தில் ஹாண்டில் போட்டுக் கையால் சுழற்றி என்ஜினை ஸ்டார்ட் செய்வதானால், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே மடித்து வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேலே இழுங்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும். எனக்குத் தொழில் பழக்கியவரின் வலக்கை கடைசிவரை நேராகவில்லை.

சாயத்தைப் பொறுத்தவரை மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்த காலத்தில் கண்டி வீதிகளில் ஜீப்புகள் ஓடின. பச்சைக் கோலம் நம் மலைநாட்டுக்கு அந்நியமான ஒன்றல்ல.

பொகவந்தலாவை வாசகி எழுதியது:

எனக்கு என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் நான் பிறந்தது எங்கள் தோட்டத்து ஜீப் ஒன்றில், ஆஸ்பத்திரி வாசலுக்கு எட்டு வளைவுகள் மிச்சமிருந்த இடத்தில், கொட்டும் மழையில் என்று அம்மா சொல்வார். அந்தச் சாரதி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வெளியே மழையில் நின்று, உள்ளே மருத்துவச்சிக்கு டோர்ச் பிடித்தாராம். அந்த வண்டி எங்கே போனதென்று எவருக்கும் தெரியாது, படமும் இல்லை. அண்ணா, பச்சையோ வெள்ளையோ, உங்கள் விருப்பம். அந்த வாங்குகளை மட்டும் கழற்றாதீர்கள்.

நுவரெலியா லாண்ட் ரோவர் எழுதியது:

கராஜ் ஐயா பிரேக்கைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன்; சாயத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் இருப்பது ஜீப்பின் தம்பி, லாண்ட் ரோவர் சீரீஸ் டூ. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த முதல் லாண்ட் ரோவருக்கும் ஜீப்புக்கும் முன், பின் சில்லுகளின் இடைத்தூரம் ஒன்றேதான்: 80 அங்குலம். போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பொடியை, அதாவது வண்டியின் மேலுடலை, அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் மேலே அவ்வளவாகத் துருப்பிடிக்காது; ஆனால் சேசிஸ் இரும்பு, நம் மழைக்கு அது உள்ளேயிருந்து அரிக்கும். ஜீப்புக்கு இரண்டுமே இரும்பு என்பதால் உங்கள் வண்டியில் தரைத் தகட்டையும் பீம்களின் உட்புறத்தையும் தட்டித் தட்டிப் பாருங்கள்.

பதினைந்து வருடங்களுக்கு முன் நானும் ஓர் ஆசையில் வண்டியை அலுமினியம் தெரிய உரித்துப் புதுச் சாயம் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். கதவில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் இலக்கமும் கையால் எழுதப்பட்டிருந்தன. அந்த எழுத்தை எழுதியவர் யார் என்றுகூட இப்போது கேட்டறிய வழியில்லை. படமாவது எடுத்து வைத்திருக்கலாம். போர்க்கோலத்தில் நிற்கும் ஜீப்புகளை உலகில் எங்கும் பார்க்கலாம், அதற்கான சாயமும் நட்சத்திர அச்சும் கடையில் வாங்கலாம். பலகை வாங்கு போட்ட, நோயாளி ஏற்றிய ஜீப் எத்தனை மிஞ்சியிருக்கிறது? நீங்கள் பார்க்காத ஒரு படையினரின் சில வருடங்களை மீட்பதற்காக, உங்கள் தகப்பனாரின் பல வருடங்களை மணல் பீச்சி அழிக்க வேண்டுமா என்பதை மைத்துனரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று: என்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். மணல் பீச்சும்போது இலக்கத் தகடுகளை மூடாமல் விட்டு எழுத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

லிந்துலைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று மைத்துனரும் நானும் வண்டியைத் தள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். ஸ்டியரிங் இடப்பக்கம்தான். குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய், ஆகவே வில்லிஸ். ஆனால் பொடியில் ஏழெட்டு இடங்களில் எஃப் போல்ட்டுகள் இருக்கின்றன. புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கம் தகட்டோடு ஒத்துப்போகிறது; என்ஜின் இலக்கத்தை எண்ணெய்ப் படிவு நீக்கிய பிறகுதான் வாசிக்கலாம்.

முன்மூடியைத் திறந்ததும் மைத்துனர் தடுமாறிப் போனார். அதன் உட்புறத்தில், வெள்ளைச் சாயத்தின் மேல், அப்பா கறுப்புச் சாயமும் தூரிகையுமாக எண்ணெய் மாற்றிய தேதிகளை வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசி வரிகளில் எழுத்து நடுங்கி, கோடு மாறிப் போயிருக்கிறது. முன்விளக்கு ஒன்றின் திருகைத் தளர்த்திப் பின்பக்கம் திருப்பினோம். அது என்ஜினை நோக்கித் திரும்பும்படியே செய்யப்பட்டிருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். இரவில் வேலை செய்யும்போது அப்பா ஏன் டோர்ச் கேட்டதில்லை என்று இன்று விளங்குகிறது.

மணல் பீச்சப் போவதில்லை. மைத்துனரும் ஒத்துக்கொண்டார். துரு ஏறிய தரைத் தகட்டுக்கு மட்டும் டிங்கரிங், அதன் மேல் அதே வெள்ளை. வாங்குகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும். பிரேக் வாஷர் செட் எங்கே கிடைக்கும் என்று கராஜ் ஐயா சொன்னால், அடுத்த சம்பளத்தில் அதைத்தான் முதலில் வாங்குவேன்.