என் லேப்டாப்பில் பில்ட் ஆன பேட்ச் ஆர்ம்64-இல் உடைந்துவிட்டது

கேள்வி:
லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) நான்கு பேட்ச் (நிரல் திருத்தம்) கொண்ட தொடர் ஒன்று அனுப்பினேன். ஒரு டிரைவரில் தேவையில்லாத ஹெடர்களை (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்புகள்) நீக்கி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். என் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை ப்ராசசர்) லேப்டாப்பில் கம்பைல் ஆனது, பூட்டும் ஆனது. மறுநாள் காலை சோதனை ரோபாட்டிடமிருந்து மெயில்: ஆர்ம்64 என்ற வேறு வகை ப்ராசசருக்குக் கம்பைல் செய்தால், நினைவகம் ஒதுக்கும் 'கேஇசட்அலாக்' ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லையாம். பராமரிப்பாளர் தொடரையே தன் கிளையிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு நாளாக மனசே சரியில்லை. என்னிடம் இருப்பது ஒரே லேப்டாப், நீங்களெல்லாம் அனுப்பும் முன் எப்படிச் சோதிக்கிறீர்கள்?

பதில் 1:
ஹெடரை நீக்குவதில்தான் அதிகம் மாட்டுவோம். எக்ஸ்86-இல் வேறு ஏதோ ஹெடர் வழியாக, கேஇசட்அலாக்கை அறிவிக்கும் ஸ்லாப் ஹெடரும் கூடவே வந்திருக்கும், ஆர்ம்64-இல் அந்த வழி இல்லை. எதைக் கூப்பிடுகிறோமோ அதன் ஹெடரை அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஆர்ம் போர்டு வாங்க வேண்டாம், கிராஸ் கம்பைலர் (உங்கள் லேப்டாப்பிலேயே வேறு ப்ராசசருக்குக் கம்பைல் செய்வது) போதும், டெபியன் லினக்ஸில் அப்படியே நிறுவலாம். ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்தவரை எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் அமைப்பு) போட்டுவிட்டு உங்கள் டிரைவர் இருக்கும் டைரக்டரியை மட்டும் கட்டினால் பழைய லேப்டாப்பே தாங்கும்.

பதில் 2:
கம்பைலர் பதிப்பையும் மாற்றிப் பாருங்கள். 2025 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபெடோரா லினக்ஸ் 42-க்கு மாறினார், அதிலிருந்த ஜிசிசி 15 கம்பைலரின் புது எச்சரிக்கைகளுக்காக அவரே அவசரமாகத் திருத்தங்கள் போட்டு கெர்னலின் 6.15-ஆர்சி3 சோதனைப் பதிப்பை வெளியிட்டார், ஜிசிசி 14 வைத்திருந்தவர்களுக்கு அது கம்பைல் ஆகவில்லை. அவருக்கே நடந்திருக்கிறது, நீங்கள் மனம் தளராதீர்கள்.

பதில் 3:
அப்புறம் ஒன்று. தொடர் முழுவதும் சேர்ந்து கம்பைல் ஆனால் போதாது, ஒவ்வொரு பேட்சும் தனியாக ஆக வேண்டும். ஒரு வெளியீட்டில் பத்தாயிரத்துக்கும் மேல் கமிட்கள் (பதிவான மாற்றங்கள்) வரும், பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் சுமார் 14 படிகளில் பிழையைப் பிடித்துவிடும், ஆனால் நடுவில் கட்டவே முடியாத கமிட் இருந்தால் தேடுபவர் பாவம், அதைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ஒருமுறை அப்படி ஒரு ஞாயிறு முழுவதும் எனக்குப் போனது. பேட்ச்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடும் கிட் ரீபேஸில் எக்செக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) ஓட்டுங்கள், உடைந்த பேட்சிலேயே நின்றுவிடும்.

கேட்டவர்:
ஓட்டிவிட்டேன். ஆர்ம்64 போகட்டும், எக்ஸ்86-இலேயே இரண்டாவது பேட்ச் தனியாகக் கட்டவில்லை! அதில் பெயர் மாற்றிய ஒரு ஃபங்ஷனை நான்காவதில்தான் எல்லா இடத்திலும் மாற்றியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக்கி, ஸ்லாப் ஹெடரைத் திரும்பச் சேர்த்து, இப்போது ஆர்ம்64-க்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் வி2 (தொடரின் இரண்டாம் பதிப்பு) அனுப்புகிறேன். ரொம்ப நன்றி.