கனடாவில் முதல் வேட்டை ரைபிள்: விசையை (ட்ரிகர்) எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சரிசெய்வது?

பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தேவையான பிஏஎல் உரிமத்தையும் வாங்கி, முதல் ரைபிளைத் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கோப், தோட்டா என்றால் ஆளுக்கு ஆள் மணிக்கணக்கில் சொல்வார்கள். விசையைப் பற்றிக் கேட்டால், 'எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது' என்று முடித்துவிடுவார்கள். மான் வேட்டைக்கு இந்த ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

காரணம், குளிர். ஒன்டாரியோவின் பல பகுதிகளில் ரைபிளுடன் மான் வேட்டையாடும் பருவம் நவம்பரில் வருகிறது. விடியும் முன்பே மரத்தடியில் போய் உட்கார்ந்தால், மான் கண்ணில் படும் நேரத்தில் விரல் மரத்துப்போயிருக்கும். அதற்கு மேல் கையுறை. மேசையில் ரைபிளைக் கிடத்திச் சுடும் போட்டிக்காரர்களின் ஒரு பவுண்டு அழுத்தத்திலேயே விடுபடும் விசை அந்த விரலுக்குத் தட்டுப்படுவதற்குள் வெடித்துவிடும். இரண்டரை முதல் மூன்றரை பவுண்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றுக்குக் கீழே இறங்குவதில்லை. அது ஏறக்குறைய 1,360 கிராம்.

இந்த அழுத்த எடையைவிட முக்கியமானது விசை நகரும் விதம். கடையிலேயே கேட்டு, ரைபிளின் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். மணல் நெரிபடுவதுபோல் இழுத்து இழுத்து நகர்ந்தால் அந்த ரைபிள் வேண்டாம். அசைவே தெரியாமல் சட்டென விடுபட்டால் அது நல்ல ஒற்றைக் கட்ட விசை. இரண்டு கட்ட விசையில் முதலில் தளர்வாகக் கொஞ்ச தூரம் வரும், பிறகு ஓரிடத்தில் தடுத்து நிற்கும், அதைத் தாண்டினால்தான் வெடிக்கும். தடித்த கையுறையோடு சுடுபவருக்கு அந்தத் தடுப்பு பெரிய உதவி. முன்னால் தள்ளிவிட்டால் மிக லேசாகிவிடும் செட் விசைகளும் உண்டு. புதியவர்களுக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன்.

புதிய ரைபிளுக்கு உடனே தனி விசை வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. டிக்கா டி3எக்ஸ் ரைபிளின் விசை, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு பவுண்டுக்குள் சரிசெய்யக்கூடியது. சாவேஜ் ரைபிள்களில் வரும் அக்யூட்ரிகர் என்ற விசையும் அப்படியே சரிசெய்துகொள்ளக்கூடியது. அந்தக் காசைத் தோட்டாவில் போட்டுப் பயிற்சி எடுங்கள். பழைய ரைபிள் வாங்குவதானால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான, எக்ஸ்மார்க் ப்ரோ விசை கொண்ட ரெமிங்டன் 700, செவன் மாடல்களை நிறுவனமே 2014-ல் திரும்ப அழைத்தது. உள்ளே பசை அதிகமாகிவிட்டதால், விசையைத் தொடாமலே வெடிக்கும் அபாயம் இருந்தது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி, வீட்டில் சரிசெய்யும் வேலை. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். விசை எடைமானி ஒன்று வாங்கி, அதன் கொக்கியை விசையின் நடுவில் மாட்டி, நேராகப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். பல முறை அளந்து சராசரி எடுங்கள்; ஒரே ஒரு அளவை நம்ப வேண்டாம். டிக்காவில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றினால் அந்த வழியாகவே திருகுக்கு அறுகோணச் சாவி எட்டும். கால் சுற்று திருப்பி மறுபடி அளக்கவும். உங்கள் ரைபிளின் கையேட்டில் சொல்லாத எந்தத் திருகையும், குறிப்பாக விசைக்குள் இருக்கும் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஆழத்தை மாற்றும் திருகை, தொடாதீர்கள். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. அங்கே மயிரிழை தவறினாலும், தோளில் இருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கலாம்.

சரிசெய்த பிறகு இந்தச் சோதனைகள் கட்டாயம். காலி ரைபிளின் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டு) வேகமாக அடித்து மூடுங்கள், பலமுறை. சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) விடுவித்து, ரப்பர் விரிப்பின் மேல் அடிக்கட்டையைத் தட்டுங்கள். பிறகு சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை விடுவியுங்கள். இவற்றில் எதிலாவது 'டிக்' என்று ஒரு தடவை சத்தம் வந்தாலும் அந்த ரைபிள் காட்டுக்குப் போகக் கூடாது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பதே நம் தலைமுறைக்குப் பழக்கமில்லை. நம்மில் பலர் துப்பாக்கியை முதல்முறை தொடுவதே இங்கேதான். அதை நான் நல்லதாகவே பார்க்கிறேன். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் கையில் இல்லை. மான் தெளிவாகத் தெரியும்வரை விரலை விசைக்கு வெளியே வைக்கும் பழக்கம் முதல் நாளிலேயே ஊறிவிடும்.

குளிரைப் பற்றி இன்னொன்று. விசைக்குள் எண்ணெய் ஊற்றவே வேண்டாம். உறைபனியில் அது தடித்து, கொக்கியை மெதுவாக்கிவிடும். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பில் ஈரம் படியும். மறுநாள் காட்டில் அது விசைக்குள்ளேயே உறையும். அதனால் ரைபிளை வைத்துப் பூட்டிய பெட்டியைத் திறக்காமல் மெல்லச் சூடேற விடுங்கள், பிறகு துடைத்துக் காயவையுங்கள். விசையை அழுத்த முடியாமல் மூடும் விசைப் பூட்டைக் காலித் துப்பாக்கியில் மட்டுமே மாட்டுங்கள். பருவம் தொடங்கும் முன் ஒரு நாள், காட்டில் போடப்போகும் அதே கையுறையோடு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பாருங்கள். விரல் நுழையச் சிரமப்பட்டால் கையுறையை மாற்றுங்கள், விசையை அல்ல.