போதையிலிருந்து மீளப் புப்ரெனார்பின் மாத்திரை எடுப்பவர் போட்டியில் ஆட வழி உண்டா?

ஜலந்தரில் என் அறையில் தங்கியிருக்கும் பஞ்சாபித் தம்பி கபடி வீரன். தோள் வலிக்கு மாத்திரை என்று தொடங்கி 'சிட்டா' வரை போய்விட்டான். ஹெராயினுக்கு அங்கே அதுதான் பெயர். இப்போது அரசு மையத்தில் புப்ரெனார்பின்-நலாக்சோன் மாத்திரை. நாக்குக்கு அடியில் அது கரையும்வரை வாயே திறக்க மாட்டான். நன்றாகத் தேறிவிட்டான்.

சிக்கல் என்னவென்றால், போட்டி நேரத்தில் புப்ரெனார்பினுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடை இருக்கிறது. பயிற்சியாளரோ "மாத்திரையை விட்டுவிட்டு ஆடு" என்கிறார். எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்! நிறுத்தி மறுபடி சறுக்கினால், பழைய அளவை உடம்பு தாங்காது, உயிரே போகலாம்.

இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவிடம் சிகிச்சைக்கான விலக்கு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மருத்துவர் என்னென்ன எழுதித் தர வேண்டும்? அப்புறம், தடையில்லாத, ஹெராயின் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்துக்கு மாறியவர்கள், மாறுவதற்கு முன் மருந்தில்லாமல் இருக்க வேண்டிய நாட்களை எப்படிக் கடந்தீர்கள்? உள்பெட்டியில் சொன்னாலும் சரி.