பிரா தோ வரைபடத்தின் ஒரு புள்ளி: அது எதைக் குறிக்கிறது என்று எப்படி அறிவது?

ஃபிளாக் ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸின் கிழக்குக் கரையில் ஒரு கொலேஜில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். நம் ஊர் பிரா தோவில் அமைக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிச் சென்ற வாரம் பாடம் எடுத்தபோது, தென்வானத்தை 151.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காட்டும் வரைபடத்தின் ஒரு துண்டைத் திரையில் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் நூற்றுக்கணக்கான வெண்புள்ளிகள் இருந்தன. பின் வரிசையில் இருந்த மாணவி எழுந்து, ஓரத்தில் பளிச்சென்று தெரிந்த ஒரு புள்ளியைக் காட்டி, "இது நட்சத்திரமா, சார்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பிறகு அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அதன் இடம் வல ஏற்றத்தில் (வானின் தீர்க்கரேகை போன்றது, மணிக்கணக்கில் சொல்வது) 23 மணி 59 நிமிடம், நடுவரை விலக்கத்தில் (வானின் அட்சரேகை போன்றது) தெற்கே ஏறக்குறைய 61 பாகை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியின் பழைய பட்டியலில் 2359 என்று தொடங்கும் பெயரைத் தேடினேன், பொருத்தமாக எதுவும் அகப்படவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. எந்தப் பக்கமும் திரும்பாமல் தரையில் நட்டு வைத்த ஆண்டெனாக்களைக் கொண்டு ஒரு மூலத்தின், அதாவது ரேடியோ அலை வரும் பொருளின், இடத்தை எவ்வாறு குறிக்கிறார்கள்? குறித்த பிறகு, அது நம் பால்வெளியைச் சேர்ந்த வாயு மேகமா, வெடித்த விண்மீனின் எச்சமா, தொலைதூர விண்மீன் மண்டலமா என்று எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்?

ரெதுயி பழைய மாணவி

ஐயா, வணக்கம். முதல் ஐயத்துக்கான விடை எளிது. ஆண்டெனா திரும்ப வேண்டியதில்லை, பூமி திரும்புகிறது. ஒவ்வொரு மூலமும் நாள்தோறும் ஒரு முறை உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டை) கடக்கிறது, கடக்கும் நேரமே அதன் வல ஏற்றத்தைச் சொல்லிவிடுகிறது. பிரா தோவில் கிழக்கு மேற்காக 2048 மீட்டர் நீளத்துக்கு 1024 திருகுசுருள் ஆண்டெனாக்களை நட்டார்கள். 151.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர் என்பதால், இவ்வளவு நீளமான வரிசை வானில் சுமார் 4 கலை அகலமுள்ள கற்றையைத் தரும். கற்றை என்பது தொலைநோக்கி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வான்பரப்பு. பஞ்சாங்கத்தில் வரும் அதே கலைதான், ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. முழுநிலவு 30 கலை அகலம் உடையது என்பதை மாணவர்களிடம் சொன்னால் அளவு மனத்தில் பதியும்.

வடக்கு தெற்குத் திசையில் செய்த வேலைதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அங்கே 880 மீட்டர் தண்டவாளம் போட்டு, நான்கு நான்கு ஆண்டெனாக்களைச் சுமந்த தள்ளுவண்டிகளை அதன்மேல் நாளுக்கு நாள் இடம் மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் கிழக்கு மேற்கு வரிசையோடு சேர்த்து அளந்து, எல்லா நாள்களின் அளவுகளையும் கணினியில் கூட்டினார்கள். இதனால், 880 மீட்டர் முழுவதும் ஆண்டெனாக்கள் நிரம்பி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் படம் கிடைத்தது. தரையோ சமதளம் இல்லை, வரிசையின் ஒரு பகுதி மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் நின்றது. ஆகவே வழக்கமான கணக்கு பொருந்தாமல் போய், அதற்கென்று தனி முறையை வகுக்க வேண்டியிருந்தது. மொரிஷியஸ் பல்கலைக்கழகமும், பெங்களூரின் ராமன் ஆய்வுக் கழகமும், இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து செய்த பணி இது. ஆண்டெனாக்களைத் தெற்கு நோக்கி 20 பாகை சாய்த்து நட்டதற்கும் காரணம் உண்டு. நம் தீவு தெற்கே 20 பாகையில் இருப்பதால், பார்வையின் நடு −40 பாகையில் விழும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதே அலைவரிசையில் எடுத்த ரேடியோ மூலங்களின் ஆறாம் பட்டியலுக்கு எட்டாத வானம் அது.

இரண்டாம் ஐயம்தான் கடினமானது. ஓர் அலைவரிசையில் எடுத்த வரைபடம் மட்டும் கையில் இருந்தால், எந்தப் புள்ளியையும் இன்னது என்று சொல்ல இயலாது என்பதே நேர்மையான பதில். அருகில் உள்ள மங்கலான பொருளும் தொலைவில் உள்ள ஒளிமிக்க பொருளும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே அதே புள்ளியை வேறோர் அலைவரிசையில் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவின் மொலாங்லோ தொலைநோக்கி 843 மெகாஹெர்ட்ஸில் தென்வானத்தை அளந்திருக்கிறது. அமெரிக்காவின் விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கி 1400 மெகாஹெர்ட்ஸில் −40 பாகை வரை அளந்திருக்கிறது. காந்தப்புலத்தில் சுழலும் வேக எலெக்ட்ரான்கள் உமிழும் அலை, அதிர்வெண் கூடக் கூட மங்கும். வழக்கமான ரேடியோ விண்மீன் மண்டலம் ஒன்று 150-லிருந்து 1400 மெகாஹெர்ட்ஸுக்குப் போகும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இளம் விண்மீன்கள் சூடாக்கிய, உள்ளே ஊடுருவிப் பார்க்கக்கூடிய மெல்லிய வாயு மேகமோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அளவுக்கு மீறிச் செங்குத்தாகச் சரிந்தால், மிகத் தொலைவில் உள்ள மண்டலமாக இருக்கக்கூடும் என்று தனியே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

வெடித்த விண்மீனின் எச்சமும் அதே எலெக்ட்ரான் வகைதான் என்பதால், சரிவு மட்டும் போதாது. பால்வெளியின் தளத்தை ஒட்டி இருக்கிறதா, விலகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தில் இருந்தால் அகச்சிவப்புப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாயு மேகம் தூசியோடு அகச்சிவப்பில் ஒளிரும், எச்சம் பெரும்பாலும் அவ்வாறு ஒளிராது. (இங்கே ஒரு சிறு குறிப்பு. 'மூலம்' என்று நாம் பொதுப்பெயராகச் சொல்லும் சொல்லே ஒரு நட்சத்திரத்தின் பெயரும் ஆகும். கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் விண்ணிலிருந்து முதன்முதலாகக் கேட்ட இரைச்சல், தனுசு ராசியில் மூலம் நட்சத்திரப் பகுதியில் அமைந்த பால்வெளி மையத்தின் திசையிலிருந்துதான் வந்தது. அந்த மையம் நம் தீவின் உச்சியிலிருந்து 9 பாகை தள்ளிக் கடந்து போகிறது.)

கடைசியாக, ஒளியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 4 கலை அகலத்துக்குள் பல மண்டலங்கள் இருக்கும் என்பதால், எது உரியது என்று தெரியாது. முன்னோர் இதற்கு நிலவையே துணைக்கு அழைத்தார்கள். நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியுமாதலால், மூலம் மறையும் நொடியைக் குறித்தால் அதன் இடம் கிடைத்துவிடும். 1962-ல் பார்க்ஸ் தொலைநோக்கியில் 3சி 273 என்ற மூலம் நிலவுக்குப் பின் மறைவதை இப்படி அளந்தார்கள். அந்த இடத்தில் விண்மீன் போலத் தோன்றிய பொருளின் நிறமாலையை 1963-ல் மார்ட்டின் ஷ்மிட் படித்தபோது, அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது என்று தெரிந்தது. குவேசார் என்ற வகை அப்படித்தான் பிறந்தது. ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எழுப்பிய தொலைநோக்கியும் இந்த மறைப்புகளை அளப்பதற்காகவே கட்டப்பட்டது.

டர்பன் பெரியவர்

தங்கை விரிவாக எழுதியிருக்கிறார். வடிவத்தைக் கொண்டு பிரிக்கும் முறையை மட்டும் நான் சேர்க்கிறேன், அதில் எங்கள் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெர்னி ஃபனராஃப், கேம்பிரிட்ஜில் ஜூலியா ரைலியுடன் சேர்ந்து 1974-ல் 57 மூலங்களின் படங்களை ஒப்பிட்டார். ரேடியோ விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் பீறிடும் தாரைகளில், மிகப் பிரகாசமான இடங்கள் நடுவை ஒட்டி இருந்தால் முதல் வகை, வெளி ஓரங்களில் இருந்தால் இரண்டாம் வகை என்றார்கள். வடிவத்தைப் பார்த்துச் செய்த இந்தப் பிரிப்பு, மூலத்தின் ஆற்றலையும் ஏறத்தாழ இரண்டாகப் பிரித்தது. அதனால்தான் இன்றும் அது வழக்கில் நிற்கிறது. ஃபனராஃப் பின்னர் பல ஆண்டுகள் தொழிற்சங்கப் பணியில் இருந்துவிட்டு, எங்கள் நாட்டின் எஸ்கேஏ என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். காரூ வறள்நிலத்தில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 கிண்ணங்கள் எழுந்தது அதன் வழியாகத்தான்.

ஆனால் ஆசிரியரே, பிரா தோ படத்தில் இந்தப் பிரிப்பைச் செய்ய மாணவர்களை விட வேண்டாம். 4 கலைக் கற்றைக்குள் பெரும்பாலான மூலங்களின் வடிவம் அடங்கிப் போகும். சென்டாரஸ் ஏ என்ற ரேடியோ விண்மீன் மண்டலம் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. அதன் வீச்சு வானில் சுமார் 8 பாகை, 16 முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளம்.

ஃபிளாக் ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறேன். வரைபடத்தில் இருக்கும் புள்ளியே பொய்யாக இருக்கக்கூடுமா?

ரெதுயி பழைய மாணவி

தாராளமாக இருக்கக்கூடும், ஐயா. 1955-ல் வந்த கேம்பிரிட்ஜின் இரண்டாம் பட்டியலில் 1936 மூலங்கள் இருந்தன. சிட்னியில் மில்ஸ் குழுவினர் அதே வானத்தை அளந்து ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை பொருந்தவில்லை. அகலமான கற்றைக்குள் பல மங்கலான மூலங்கள் கலந்து, இல்லாத ஒரு பிரகாசமான மூலமாகத் தோன்றியிருந்தன. ஆகவே 1959-ல் வந்த மூன்றாம் பட்டியலில் 471 மட்டுமே இடம்பெற்றன. பட்டியல் சுருங்கியதை நான் குறையாகக் கருதவில்லை, 3சி 273 என்ற பெயரே அந்தச் சுருங்கிய பட்டியலிலிருந்து வந்ததுதான். ஒரு மூலத்துக்குக் குறைந்தது 20 கற்றைப் பரப்பாவது இடம் விட வேண்டும் என்ற நடைமுறை விதி இந்த அனுபவத்தை ஒட்டியது.

உங்கள் மாணவி காட்டிய புள்ளி பொய்யன்று. நீங்கள் 2359 என்று தேடியதுதான் சிக்கல். பார்க்ஸ் பெயர்கள் 1950-ஆம் ஆண்டின் ஆயங்களை (வானில் இடம் குறிக்கும் எண்களை) கொண்டவை, உங்கள் வரைபடத்தின் ஆயங்கள் 2000-ஆம் ஆண்டுக்குரியவை என்று நினைக்கிறேன். பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் அயனாம்சம் ஆண்டுக்கு 50 விகலை (ஒரு கலையில் 60-ல் ஒரு பங்கு விகலை) வீதம் நகர்வதால், 50 ஆண்டுகளில் வல ஏற்றம் ஏறக்குறைய 3 நிமிடம் கூடியிருக்கும். பார்க்ஸ் 2356−61 என்று தேடுங்கள். 100 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ள விண்மீன் மண்டலம் அது. பெரியவர் சொன்ன இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நம் படத்தில் ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும், கூர்மையான படங்களில் இரண்டு ஓரங்களிலும் பிரகாசமான முனைகள் தனித்தனியே தெரியும்.

ஃபிளாக் ஆசிரியர்

2356-இல் கிடைத்துவிட்டது, அம்மா. நடுவரை விலக்கமும் பொருந்துகிறது. திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன். அயனாம்சக் கணக்கை வகுப்பே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிடப் போகிறேன்.